கொழுப்பு மாத்திரையும் புரோட்டீன் டின்னும்

பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் உள்ள வீடுகளில் சாப்பாட்டு மேசையைப் பார்த்தால் இரண்டு பொருள்கள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று, கொலஸ்ட்ராலைக் குறைக்க அரசாங்க கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பொட்டலம். இன்னொன்று, நேரடி விற்பனை செய்யும் தெரிந்தவரிடமோ ஃபார்மசியிலோ வாங்கிய பெரிய புரோட்டீன் மாவு டின். முதலாவதற்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம். இரண்டாவதற்கு நூறு, இருநூறு வெள்ளி. விலையின் காரணமோ என்னவோ, வீட்டில் மரியாதை டின்னுக்குத்தான் அதிகம்.

இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்டால், பெரும்பாலோர் சாப்பிடலாம் என்பதே நேரான பதில். புரதம் என்ற சத்து, கொழுப்பு மாத்திரையின் வேலையில் தலையிடுவதில்லை. ஆனால் டின்னுக்குள் புரதம் மட்டும் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. டின்னை நம்பி மாத்திரையை நிறுத்துவது, தசை வலிக்குத் தப்பான காரணம் கற்பிப்பது, சிறுநீரகத்தை மறந்துவிடுவது என்று உண்மையான தொல்லைகள் வேறு பக்கத்திலிருந்துதான் வருகின்றன.

நம் நாட்டில் இது சின்ன விஷயமும் இல்லை. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் அதிகம். 2019 ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவு 31.4 விழுக்காடு, மற்ற எல்லா இனத்தையும்விடக் கூடுதல். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை தூக்கியும் உடம்பை வருத்திய தலைமுறை, தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு டவுனுக்கு வந்து, தாமான் வீட்டிலும் அடுக்குமாடியிலும் உட்கார்ந்தது. உழைப்பு குறைந்தது. ரொட்டி சானாயும் தே தாரேக்கும் குறையவில்லை.

கிளினிக்கில் கொடுக்கும் கொழுப்பு மாத்திரை பெரும்பாலும் சிம்வாஸ்டேட்டின் அல்லது அட்டோர்வாஸ்டேட்டின். சிலருக்கு ரோசுவாஸ்டேட்டின். மூன்றும் ஸ்டேட்டின் என்ற ஒரே குடும்பம். 1973-இல் ஜப்பானிய ஆய்வாளர் அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்திலிருந்து இந்த வகையின் முதல் பொருளைக் கண்டெடுத்தார். 1987-இல் லோவாஸ்டேட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் உடம்பில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரலில் அந்தத் தயாரிப்பை நடத்தும் ஒரு நொதியை ஸ்டேட்டின் தடுக்கிறது. தயாரிப்பு குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்கு இரத்தத்திலிருந்து எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது. எல்.டி.எல். ஒரு மில்லிமோல் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பெரிய பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு வெள்ளிக்கு இதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது.

புரதம் போகும் பாதை வேறு. பால் திரியும்போது பிரியும் தெளிநீரிலிருந்து எடுக்கும் வே புரோட்டீனாக இருந்தாலும், சோயாவாக இருந்தாலும், கெம்போங் மீனாக இருந்தாலும், வயிற்றிலும் குடலிலும் அமினோ அமிலங்களாக உடைந்துதான் உள்ளே போகிறது. ஸ்டேட்டினைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளோடு அதற்கு மோதல் இல்லை. புரதம் உண்மையிலேயே குறுக்கே நிற்கும் மருந்தும் உண்டு: பார்க்கின்சன் நோய்க்குத் தரும் லெவோடோபா. அது அமினோ அமிலங்கள் ஏறும் அதே வாசலில்தான் ஏறியாக வேண்டும், அதனால் புரதம் நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தால் வேலை செய்வது குறையும். ஸ்டேட்டினுக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. காலையில் புரோட்டீன், இரவில் மாத்திரை என்று பலர் இயல்பாகவே பிரித்துச் சாப்பிடுகிறார்கள். பிரிக்காவிட்டாலும் வெறும் புரதத்தால் கெடுதல் இல்லை.

இரவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த மூன்றில் சிம்வாஸ்டேட்டினை மட்டும்தான் இரவில் எடுக்கச் சொல்கிறார்கள். கொலஸ்ட்ரால் தயாரிப்பு இரவில் அதிகம், அந்த மாத்திரையோ உடம்பில் நெடுநேரம் தங்காது. அட்டோர்வாஸ்டேட்டினும் ரோசுவாஸ்டேட்டினும் நாள் முழுக்க நிற்கும், எப்போது எடுத்தாலும் சரி. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் பலர் இப்போது இரவு ஜாகா (காவல்) வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு 'படுக்கும் முன்' என்பது காலை எட்டு மணி. மாத்திரை பாதி நாள் மறந்துபோகும். கிளினிக்கில் இதை வாய்விட்டுச் சொன்னால் எந்த நேரத்திலும் எடுக்கக்கூடிய மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டர் பார்ப்பார்.

சரி, டின்னுக்கு வருவோம். முன்பக்கத்தில் தசை முறுக்கிய இளைஞனோ, சிரிக்கும் தாத்தா பாட்டியோ இருப்பார்கள். அதை விட்டுவிட்டு டின்னைத் திருப்புங்கள். பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது அதிகமோ அதுதான் முதலில் வரும். வே அல்லது சோயா புரோட்டீன் முதலில் இருந்தால் நல்லது. மால்டோடெக்ஸ்ட்ரினோ சீனியோ முதலில் இருந்தால் நீங்கள் வாங்கியது பெரும்பாலும் மாவுச்சத்து. அது டிரைகிளிசரைட் என்ற இன்னொரு கொழுப்பை ஏற்றும், நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரையையும் ஏற்றும். அதில் முழுக் கொழுப்புப் பாலும் இரண்டு கரண்டி மைலோவும் கலந்து குடித்துவிட்டு, மாத்திரை வேலை செய்யவில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு.

பட்டியலில் அடுத்துத் தேட வேண்டியது நார்ச்சத்து. உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் மாவுகளில் ஓட்ஸ் தவிடு, பெக்டின், இசப்கோல் உமி என்று ஏதாவது சேர்ந்திருக்கும். நார்ச்சத்து கொலஸ்ட்ராலுக்கு நல்லதுதான். ஆனால் கெட்டியான நார் மருந்தையும் தன்னோடு பிடித்துக்கொண்டு வெளியே போகலாம். லோவாஸ்டேட்டின் சாப்பிட்டவர்களிடம் பெக்டினும் ஓட்ஸ் தவிடும் இப்படிச் செய்ததை 1990களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அத்தகைய மாவுக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விட்டால் போதும். வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த மருந்துக்கும் இதே இடைவெளி வேண்டும். முதலில் ரோசுவாஸ்டேட்டின், இரண்டு மணி நேரம் கழித்து வயிற்று மருந்து. சேர்த்து எடுத்தால் மாத்திரையின் அளவு இரத்தத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

பச்சைத் தேயிலைச் சாறு என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இளைப்பதற்கு என்று விற்கும் மாவுகளில் இதைச் சேர்ப்பார்கள். கோப்பையில் குடிக்கும் பச்சைத் தேநீர் வேறு, காய்ச்சி இறுக்கிய சாறு வேறு. அதன் முக்கியப் பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் ஏறக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. ஸ்டேட்டினும் எப்போதாவது அதே நொதிகளை ஏற்றும். இரண்டையும் ஒன்றாக எடுத்து இரத்தப் பரிசோதனையில் எண் ஏறினால், பழி மாத்திரை மேல் விழும். மாத்திரை நிற்கும், டின் தொடரும்.

எல்லாவற்றிலும் மோசமானது சிவப்பு அரிசி. நம் வயல் சிவப்பரிசியைச் சொல்லவில்லை. சீனர் மருந்துக் கடையில் அங்காக் என்று விற்கும், பூஞ்சணம் ஏற்றிய அரிசி. சித்தியவான் பக்கம் ஃபூச்சாவ் சமையலில் சிவப்பு மது ஊற்றி மீ சுவா செய்வார்களே, அதற்கு நிறம் தருவது இதுதான். சாப்பாட்டில் அந்த அளவு பரவாயில்லை. ஆனால் 'இயற்கையான கொலஸ்ட்ரால் மருந்து' என்று காப்ஸ்யூலாகவும் மாவிலும் கலந்து விற்கிறார்கள். வேலை செய்கிறதா என்றால் செய்கிறது, ஏனென்றால் அதிலிருக்கும் மொனாக்கோலின் கே என்ற பொருளும் லோவாஸ்டேட்டினும் ஒன்றேதான். ஆக, கிளினிக் மாத்திரையோடு இதையும் எடுப்பவர் தெரியாமலே இரண்டு ஸ்டேட்டின் எடுக்கிறார், இரண்டாவதன் அளவு யாருக்கும் தெரியாது. சரியாகத் தயாரிக்காவிட்டால் சிட்ரினின் என்ற சிறுநீரக நஞ்சும் இதில் கலக்கலாம். 2024-இல் ஜப்பானில் சிவப்பு அரிசி மாத்திரை சாப்பிட்டுப் பலர் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனையில் சேர்ந்ததும், அந்தப் பொருளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதும் உலகச் செய்தியானது.

பேராக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, இது டின்னில் வராது, சாலையோரக் கடையில் வரும். தம்புன் பம்ளிமாஸ். ஸ்டேட்டின் பற்றிய வெளிநாட்டுக் கட்டுரைகள் எல்லாம் கிரேப்ஃபுரூட்டைத் தவிர்க்கச் சொல்லும். நம் ஊரில் யார் அதைச் சாப்பிடுகிறார்கள்? ஆனால் கிரேப்ஃபுரூட் என்பதே பம்ளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். குடல் சுவரில் சிம்வாஸ்டேட்டினையும் அட்டோர்வாஸ்டேட்டினையும் சிதைக்கும் நொதியை முடக்கும் பொருள்கள் பம்ளிமாஸிலும் உண்டு, வகைக்கு வகை அளவு மாறும். முடங்கிய நொதி திரும்ப உருவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதனால் காலையில் பழம், இரவில் மாத்திரை என்ற தந்திரம் இங்கே பலிக்காது. சிம்வாஸ்டேட்டின் எடுப்பவர் ஒதுக்கிவிடுவது நல்லது. அட்டோர்வாஸ்டேட்டின்காரர் சீனப் பெருநாளுக்கு இரண்டு சுளை சாப்பிட்டதற்காகப் பயப்பட வேண்டாம், தினமும் ஒரு பழம் என்று போகக் கூடாது. ரோசுவாஸ்டேட்டினுக்கு இந்த நொதி முக்கியமில்லை, அவர்கள் சாப்பிடலாம். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவருக்குச் சிம்வாஸ்டேட்டினை 20 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற விதிக்கும் இதே மாதிரிக் காரணம்தான்.

இனித் தசை வலி. ஸ்டேட்டின் என்றாலே 'கால் குடையும்' என்று ஊருக்குள் பேச்சு. தசையைக் காப்பாற்றத்தான் புரோட்டீன் குடிக்கிறேன் என்பவர்களும் உண்டு. 2022-இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. ஏறக்குறைய 1,24,000 பேரிடம் செய்த, யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாத சோதனைகள். ஸ்டேட்டின் எடுத்தவர்களில் 27.1 விழுக்காட்டினர் தசை வலி என்றார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 26.6 விழுக்காட்டினரும் அதையே சொன்னார்கள். வலி பொய்யில்லை, வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதற்குக் காரணம் மாத்திரை இல்லை: வயது, மூட்டுத் தேய்மானம், வைட்டமின் டி குறைவு, வேலை.

வேலை என்பதைத் தோட்டத்துக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். இருபது கிலோ செம்பனைக் குலையை நாள் முழுக்கத் தூக்குகிறவருக்கும், ஜிம்மில் புதிதாகச் சேர்ந்து எடை தூக்குகிறவருக்கும் சி.கே. என்ற தசை நொதி இரத்தத்தில் தானாகவே ஏறும். அந்த நிலையில் இரத்தம் எடுத்தால் மாத்திரை தசையை அரிப்பதுபோல் தெரியும். பரிசோதனைக்கு முன் இரண்டு மூன்று நாள் கனமான வேலை வேண்டாம், முடியாவிட்டால் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். மாத்திரையால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக, தொடை, இடுப்பு, தோள் போன்ற பெரிய தசைகளில், மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்களில் அல்லது அளவைக் கூட்டியபோது வரும். ஒரு முழங்கால் மட்டும் வலித்தால் அது வேறு கதை.

அபாயம் என்பது வலியோடு தசை பலம் இழப்பது, சிறுநீர் தே ஓ (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போவது. அப்போது மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அடுத்த தவணை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதன் அடையாளம் அது. மிக அரிது, ஆனாலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தசை வலிக்குப் பின்னால் சில சமயம் தைராய்டு ஒளிந்திருக்கும். தைராய்டு சுரப்பு குறைந்தால் கொலஸ்ட்ரால் ஏறும், ஸ்டேட்டினின் தசைத் தொல்லையும் எளிதாக வரும். அதற்காகத் தைராக்சின் மாத்திரை எடுக்கும் பெண்கள் நம்மிடையே நிறைய. இங்கேதான் புரோட்டீன் டின் உண்மையிலேயே குறுக்கே வருகிறது. சோயா புரதமும், பால் மாவில் உள்ள கால்சியமும் தைராக்சினை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். விடியற்காலையில் தைராக்சினைப் போட்டுக்கொண்டு, பத்து நிமிடத்தில் சோயா மாவைக் குடித்தால் என்ன ஆகும்? தைராய்டு கட்டுக்குள் வராது, அதனால் கொலஸ்ட்ரால் இறங்காது, கொழுப்பு மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள், கால் குடையும். பழி முழுக்கக் கொழுப்பு மாத்திரைக்கு. தைராக்சினுக்கும் அந்த மாவுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விட்டால் இந்தச் சங்கிலி ஆரம்பத்திலேயே அறுந்துவிடும்.

கிளினிக்கில் இதெல்லாம் ஏன் வெளியே வருவதில்லை? மிஸ்ஸியோடு (தாதியோடு) உரையாடல் இப்படித்தான் போகும்:

"அம்மா, வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா?"

"இல்ல மிஸ்ஸி, நீங்க குடுக்குறதுதான்."

"சத்து மாவு, காப்ஸ்யூல் அந்த மாதிரி?"

"அது இருக்கு. அது சாப்பாடுதானே? மருமக வாங்கிக் குடுத்தது."

இரண்டாவது கேள்வியைக் கேட்க எல்லா மிஸ்ஸிக்கும் நேரம் இருக்காது, வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. டின்னின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய், மருந்து வாங்கும் கவுண்டரில் காட்டுவது எளிய வழி. அங்கே நிற்கும் மருந்தாளருக்கு இதைப் பார்ப்பதுதான் படிப்பு.

விற்கிறவர் சொல்வதையும் எடை போட வேண்டும். சோயா புரதம் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்பதில் உண்மை உண்டு. நாளுக்கு 25 கிராம் எடுத்தால் எல்.டி.எல். 3 முதல் 4 விழுக்காடு குறையலாம். நடுத்தர அளவு ஸ்டேட்டின் 30 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து 'இதைக் குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாம்' என்று சொல்பவர், தெரிந்து சொன்னாலும் தெரியாமல் சொன்னாலும், ஏற்கெனவே ஒரு மாரடைப்பைக் கண்ட மனிதரின் உயிரோடு விளையாடுகிறார். இதய நோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளிட்ட இருபது நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. வீட்டு வரவேற்பறையில் உறவினர் சொல்வதை எந்தச் சட்டம் தடுக்கும்?

டின்னில் எம்.ஏ.எல். (MAL) என்ற மருந்துப் பதிவு எண் இல்லையே என்று சிலர் பயப்படுவார்கள். சாதாரணப் புரோட்டீன் மாவு பெரும்பாலும் உணவு என்ற வகையில் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் வருவது, அதற்கு அந்த எண் தேவையில்லை. ஆனால் காப்ஸ்யூலாகவோ மாத்திரையாகவோ, மூலிகை மருந்தாகவோ விற்பவற்றுக்கு அது வேண்டும். எண்ணின் கடைசியில் 'N' என்ற எழுத்து இருந்தால் சத்துப் பொருள், 'T' இருந்தால் பாரம்பரிய மருந்து. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். பசார் மாலாமில் வாங்கிய மூட்டு வலி மருந்தில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜிம் பையன்கள் கைமாற்றிக்கொள்ளும் பெயர் தெரியாத மாவுகளிலும் தசை வளர்க்கும் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். அது நல்ல கொழுப்பை இறக்கும், கெட்ட கொழுப்பை ஏற்றும், கல்லீரலையும் பதம் பார்க்கும்.

புரோட்டீன் மாவே வீண் என்று சொல்ல வரவில்லை. பல் போய், மீன் முள்ளுக்குப் பயந்து, ரசம் சோற்றோடு நிறுத்திக்கொள்ளும் பாட்டிக்கு அது உண்மையிலேயே உதவும். வயதானவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராம், கொஞ்சம் கூட, புரதம் தேவை. ஐம்பத்தைந்து கிலோ பாட்டிக்கு நாளுக்கு 55 முதல் 65 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் கிடைக்கும். ஒரு கரண்டி மாவில் 20 கிராம் கிடைத்துவிடும். ஆனால் மீன், கோழி, பருப்பு சாப்பிட முடிகிறவருக்கு, நூறு கிராம் தெம்பேயில் அதே அளவு புரதம் இரண்டு மூன்று வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

கடைசியாகச் சிறுநீரகம். நீரிழிவு நம்மவர்களிடம் இவ்வளவு என்றால் சிறுநீரகம் பழுதானவர்களும் அதிகமாகத்தானே இருப்பார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, இன்னும் டயாலிசிஸ் நிலைக்குப் போகாதவர் கிலோவுக்கு 0.8 கிராம் புரதத்தோடு நிறுத்துவது நல்லது, 1.3-ஐத் தாண்டவே கூடாது என்கிறது சிறுநீரகத்துக்கான உலக வழிகாட்டி. அவருக்குச் சாப்பாட்டிலேயே போதும், டின் தேவையில்லை. புரோட்டீனோடு கிரியேட்டின் சேர்த்து எடுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை: அது இரத்தத்தில் கிரியேட்டினின் எண்ணை ஏற்றிக் காட்டும், சிறுநீரகம் கெட்டுவிட்டதுபோல் அறிக்கை வரும். பரிசோதனைக்குப் போகும்போது சொல்லிவிடுங்கள்.

டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டால் கணக்கு தலைகீழாகும். இயந்திரத்தின் வழியே அமினோ அமிலங்களும் வெளியே போவதால் புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், அப்போது டயாலிசிஸ் மையத்தில் சொல்லும் மாவு மருந்துக்குச் சமம். ஆனால் கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு டின் அதற்கு ஆகாது. பொட்டாசியமும் பாஸ்பரஸும் குறைந்ததாக இருக்க வேண்டும், அதை மையத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். முன்பிருந்தே ஸ்டேட்டின் எடுத்து வந்தவர் டயாலிசிஸிலும் பொதுவாக அதைத் தொடரலாம். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு புதிதாகத் தொடங்குவதில் அவ்வளவு பலன் இல்லை என்பதால், யாராவது சொன்னார்கள் என்று கேட்டு வாங்க வேண்டியதில்லை.